டு போய்ஸா, மொரிசனா: வாசிக்கத் தொடங்க முதல் எங்கட ஆக்கள் கேட்கிற கேள்விகள்

கிளிநொச்சியில் பின்னேரங்களில் கூடுகிற எங்கள் சின்ன வாசிப்பு வட்டத்தில் அடுத்ததாக எடுக்க இரண்டு புத்தகங்கள் கிடக்கின்றன. ஒன்று இனம் பற்றி எழுதப்பட்ட பழைய பெரும் நூல், மற்றது ஒரு இலக்கிய ஆய்வு. எதை எடுப்பது என்ற பேச்சு தொடங்கியதில் இருந்து, பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சரி, வட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் சரி, ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

ரெண்டும் என்ன புத்தகம் அக்கா? ஒண்டும் தெரியாத ஆளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ.

முதலாவது டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸ் எழுதிய 'த சோல்ஸ் ஒஃப் பிளாக் ஃபோக்', 1903இல் வந்தது. டு போய்ஸ் 1868இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1895இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார், அங்கே அதைப் பெற்ற முதல் கறுப்பு அமெரிக்கர் அவர்தான். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து நாற்பது வருடம்கூட ஆகாத அந்த நேரத்தில், விடுதலையான சனங்கள் தெற்கு மாநிலங்களில் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று பதினான்கு அத்தியாயங்களில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் பிரச்சினை நிறக்கோடுதான், அதாவது வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைக்கிற கோடுதான் என்று அவர் சொன்னதை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது ரொனி மொரிசனின் 'பிளேயிங் இன் த டார்க்', 1992. அவர் 1990இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இருந்து வந்த மூன்று அத்தியாயம். வெள்ளை எழுத்தாளர்களின் அமெரிக்க நாவல்களுக்குள் கறுப்பு மனிதர்கள் என்ன வேலைக்காக வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆய்வு அது. மொரிசனை நாவலாசிரியராகத்தான் உலகம் அறியும், 1993இல் நோபல் பரிசும் வாங்கினார்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ, எதை முதல் வாசிக்கிறது?

டு போய்ஸ். எங்கள் வட்டத்தில் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் என் பதில்.

மற்ற இரண்டு பேர் யார் என்றால், அமெரிக்க நாவலாசிரியர்களான ஹெமிங்வேயோ மார்க் ட்வெய்னோ ஒன்றாவது ஒழுங்காக வாசித்தவர்கள், அல்லது கதை எழுதுகிறவர்கள். அவர்கள் மொரிசனில் தொடங்கலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டவன் என்ன உணர்கிறான் என்று டு போய்ஸ் சொல்கிறார். கோட்டைப் போட்டவன் கதை எழுதக் குந்தினால் அவன் கை என்ன செய்கிறது என்று மொரிசன் பார்க்கிறார். முதலாவது தெரியாமல் இரண்டாவதுக்குப் போனால் வெறும் வகுப்பறை விளையாட்டாகத் தெரியும்.

மொரிசன்ர புத்தகம் மெல்லிசு தானே, அதைக் கெதியா முடிச்சுப்போட்டு மற்றதுக்குப் போகலாம் தானே?

நூறு பக்கம்கூட இல்லை என்பது உண்மை. ஆனால் கெதியாக முடியாது. பல்கலைக்கழக மண்டபத்தில், அந்த நாவல்களை எல்லாம் ஏற்கெனவே வாசித்திருந்தவர்களுக்குச் சொன்ன உரைகள் அவை. எட்கர் அலன் போ, ட்வெய்ன், வில்லா கேதர், ஹெமிங்வே என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும், கதைச்சுருக்கம் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை. ஒரு பந்தியை மூன்று தரம் வாசித்தால்தான் பிடிபடும் என்கிற இடங்கள் நிறைய. டு போய்ஸின் புத்தகம் இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பு, ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் நடக்கலாம், ஏனென்றால் அதில் ஆட்கள் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது.

நான் சாதாரண தரத்தோட இங்கிலீசை விட்ட ஆள். எனக்கு விளங்குமோ?

டு போய்ஸின் ஆங்கிலம் பழைய ஆங்கிலம். வேதாகம வாடை அடிக்கும், வசனம் நீளும், சில இடத்தில் மேடைப் பேச்சு மாதிரி ஏறி இறங்கும். முதலாம் அத்தியாயத்தில் தொடங்குகிற பலர் மூன்றாம் பக்கத்தில் மூடி வைப்பதற்குக் காரணம் அதுதான், அதனால் நான் யாரையும் அங்கே தொடங்கச் சொல்வதில்லை. நாலாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். அது அவர் பள்ளிக்கூடம் படிப்பித்த கதை. பிறகு பதின்மூன்றாவது, அது ஒரு சிறுகதையேதான்: ஒரே ஊரில் ஜோன் என்ற பெயரில் ஒரு கறுப்புப் பெடியனும் ஒரு வெள்ளைப் பெடியனும், இருவரும் படிக்கப் போய்த் திரும்பி வருகிறார்கள், வந்த இடத்தில் கதை இரத்தத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு முதலாம் அத்தியாயத்துக்கு வந்தால் நீங்களே வியப்பீர்கள், வசனம் தன்பாட்டில் திறக்கும்.

சத்தமாக வாசியுங்கள். கண்ணுக்கு முரண்டு பிடிக்கிற வசனம் காதுக்குச் சரியாகிவிடும். லிப்ரிவொக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தில் இந்தப் புத்தகத்தை முழுதாக வாசித்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் பார்த்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த நாலாம் அத்தியாயத்தில அப்பிடி என்ன இருக்கு? கூட்டத்தில நீங்கள் எப்பவும் அதையே சொல்லுறியள்.

சொல்லத்தான் செய்வேன், வன்னியில் படிப்பித்த எவருக்கும் அது சொந்தக் கதை மாதிரி இருக்கும். டு போய்ஸ் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது கோடை விடுமுறையில் டெனசி மலைப்பக்கம் பள்ளிக்கூடம் தேடி நடக்கிறார். கிடைத்தது மரக்குற்றிகளால் அடித்த ஒரு கொட்டில், முன்னர் ஒருவர் சோளம் போட்டு வைத்த இடம். மேசை மூன்று பலகை. கதிரை, அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கியது, ஒவ்வொரு இரவும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளின் வாங்குகளுக்குச் சாய்மானம் இல்லை, சிலதுக்குக் காலும் இல்லை. வகுப்பில் நித்திரை கொண்டால் விழுந்து செத்தாலும் சாவாய், நிலத்தை நம்ப ஏலாது என்று ஒரு பகிடியும் விடுகிறார்.

வேலை கிடைத்த அன்று நடந்ததைக் கவனியுங்கள். கல்வி ஆணையாளரின் வீட்டுக்குப் போகிறார், கூடவே வேறொரு பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டு வந்த ஒரு வெள்ளை இளைஞனும். ஆணையாளர் நல்ல மனுசன், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். சந்தோசம்தான், ஆனால் அவர்கள் முதலில் சாப்பிட்டார்கள், பிறகு இவர் தனியே சாப்பிட்டார். இதை அவர் அரை வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். திட்டவும் இல்லை, விளக்கவும் இல்லை. வேற்றுச் சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்த கதையை அப்பம்மாவிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அரை வரிக்கு மேல் ஒன்றும் தேவையும் இல்லை.

பிறகு பிள்ளைகள் வராமல் விடுவது. தோட்ட வேலை, தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, ஏதோ ஒன்று. தாய் தகப்பனுக்குப் படிப்பில் சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்தால் மலையேறி அவர்கள் குடிசைக்குப் போய், பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் லத்தீன் உரை ஒன்றை ஊருக்கு ஏற்ற எளிய ஆங்கிலத்தில் எடுத்து விடுவாராம், ஒரு கிழமைக்கு அது வேலை செய்யுமாம்! அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை என்று பெயர் வாங்கின இடங்களில் அரிவு வெட்டுக் காலத்தில் வரவுப் பதிவேட்டோடு வீடு வீடாகப் போன ஆசிரியர்களுக்கு இது சிரிப்பும் வரும், மற்றதும் வரும். பத்து வருடம் கழித்து அவர் திரும்பி வரும்போது படிக்கத் துடித்த ஜோசி என்ற பிள்ளை இல்லை, இறந்துவிட்டாள். கொட்டில் இருந்த இடத்தில் புதுப் பள்ளிக்கூடம். முன்னேற்றம் என்பதை எதைக் கொண்டு அளப்பது என்று அங்கே நின்று கேட்கிறார்.

இந்தத் திரை, இரட்டை உணர்வு எண்டுறதெல்லாம் என்ன? எல்லாரும் சொல்லுறாங்கள், ஒருத்தரும் விளக்குறாங்கள் இல்லை.

முதலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சின்ன வயதில் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டாக விசிட்டிங் கார்ட் மாற்றிக்கொள்கிறார்கள். புதிதாக வந்த ஒரு உயரமான பிள்ளை இவருடைய கார்ட்டை மட்டும் ஒரு பார்வையோடு மறுத்துவிடுகிறாள். அன்றைக்குத்தான் தனக்கும் மற்றவர்களுக்கும் இடையில் ஒரு பெரிய திரை தொங்குகிறது என்று தெரிந்தது என்கிறார். இரட்டை உணர்வு என்பது அதன் தொடர்ச்சி: தன்னைத் தன் கண்ணால் மட்டும் பார்க்க முடியாமல், தன்னை இளக்காரமாகப் பார்க்கிறவனின் கண்ணாலும் சேர்த்தே எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது. அமெரிக்கனாகவும் கறுப்பனாகவும் ஒரே உடம்பில் இருப்பதன் இழுபறி.

கொழும்பில் அடையாள அட்டையை நீட்டும்போது, விலாசத்தை வாசிக்கிறவரின் முகத்தை வாசித்துப் பழகிய ஆட்களுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை.

சரி, மொரிசன் புதுசா என்ன சொல்லுறா?

அமெரிக்க இலக்கியம் சுதந்திரம், தனிமனிதன், அப்பாவித்தனம் என்று பெருமையாகப் பேசுகிறதே, அந்தச் சொற்களுக்கெல்லாம் உயிர் கொடுத்தது பக்கத்தில் நின்ற சுதந்திரம் இல்லாத ஒருவன்தான் என்கிறார். அடிமை ஒருவன் கண் முன்னால் நிற்கும்போதுதான் சுதந்திரம் என்றால் என்ன என்று எழுத்தாளனுக்குக் கை மேல் தெரிகிறது. ஆனால் விமர்சகர்கள் அந்த மனிதனைக் காணாத மாதிரியே நூறு வருடம் எழுதிவிட்டார்கள், காணாமல் விடுவதைப் பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

இதைத் தான் கண்டுகொண்ட விதத்தை மீன் தொட்டியை வைத்துச் சொல்கிறார். மீனையும் செதிலையும் அடியில் கிடக்கிற கல்லையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று தொட்டியைக் கண்டேன் என்கிறார். கண்ணாடி என்பதால் அதுவரை தெரியவில்லை, உள்ளே இருப்பதை எல்லாம் ஒழுங்காக வைத்திருப்பதே அதுதான்.

ஒரு உதாரணம் தாங்கோ ரீச்சர். இப்பிடிப் பொதுவாச் சொன்னால் பிடிபடாது.

ஹெமிங்வேயின் 'டு ஹாவ் அன்ட் ஹாவ் நொட்', 1937. ஹரி மோர்கன் என்ற வெள்ளைக்காரன் வாடகைக்கு மீன்பிடி வள்ளம் விடுகிறான், முதற் பகுதியில் கதையை அவனே சொல்கிறான். சுக்கானில் ஒரு கறுப்புத் தொழிலாளி. அவனுக்குக் கதையில் பெயர் வருவது பிந்தித்தான், அதுவரை இனத்தைச் சொல்லும் இழிசொல்தான் பெயர். ஓரிடத்தில் முன்னால் பறக்கும் மீன் கூட்டம் கிளம்புகிறது. சுக்கானில் நிற்பவன்தான் முதலில் காண வேண்டும், கண்டால் சத்தம் போட வேண்டும். ஹெமிங்வே அவனைப் பேச விடவில்லை. அதனால் ஹரி சொல்கிறான்: நான் பார்த்தேன், அவன் மீனைக் கண்டுவிட்டதைக் கண்டேன் என்கிற மாதிரி ஒரு கோணல் வசனம். வசன நேர்த்திக்குப் பேர்போன ஒரு எழுத்தாளனிடம் இப்படி ஒரு நொண்டி வசனம் எப்படி வந்தது என்று மொரிசன் பிடிக்கிறார். கறுப்பனுக்கு வாய் கொடுத்தால் கதாநாயகனின் கெட்டித்தனம் குறைந்துவிடும், அதைக் காப்பாற்ற வசனம் முதுகை வளைக்கிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியன் ஒருவன் உடனே சொன்னான்: "போட்டில மீனைக் கண்டவன் கத்துவான் அக்கா. மற்றவன் அவன்ர மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிக்கமாட்டான்." பேராசிரியர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்ப ஹெமிங்வே, ட்வெய்ன் எல்லாரும் இனவாதிகள், வாசிக்கக் கூடாது எண்டு சொல்லுறாவோ?

இல்லை. எழுத்தாளன் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்புச் சொல்வது தன் வேலை இல்லை என்று மொரிசன் தெளிவாகவே சொல்கிறார். அவர் அந்த நாவல்களை எங்களைவிடக் கவனமாக, ஒரு தொழில்காரி மற்றத் தொழில்காரனின் வேலையைத் தடவிப் பார்ப்பது போல வாசிக்கிறார். ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' கடைசிப் பகுதி ஏன் அவ்வளவு இழுபடுகிறது, ஏற்கெனவே விடுதலையாகிவிட்ட அடிமை ஜிம்மை ஏன் அடைத்து வைத்து விளையாடுகிறார்கள் என்று பலர் திட்டியிருக்கிறார்கள். மொரிசன் அதைத் தொழில் பிழையாகப் பார்க்கவில்லை. ஜிம் போய்விட்டால் கதாநாயகப் பெடியன் ஹக்கின் சுதந்திரத்துக்கும் அர்த்தம் போய்விடும், அதனால்தான் கதை அவனை விடமாட்டேன் என்கிறது என்கிறார். இதை வாசித்த பிறகு ட்வெய்னைத் திரும்ப எடுக்கத்தான் தோன்றும்.

நோபல் வாங்கின ஆள் எண்டுறியள், அப்ப நாவலை விட்டுட்டு ஏன் ஆய்வை எடுக்கிறியள்?

நாவல் வாசிக்க ஆசை என்றால் தாராளமாக வாசியுங்கள். 'த புளூயெஸ்ட் ஐ' (1970) சின்னது, 'பிலவ்ட்' (1987) பாரமானது. எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் ஏதோ எழுதுகிறவர்கள், அவர்களுக்கு மற்றவர் எழுத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று காட்ட ஒன்று தேவைப்பட்டது, அதுதான் காரணம்.

தங்கச்சி, இது கறுப்பு ஆக்களின்ர கதை. எங்கட கதையே எழுதி முடியேல்லை, பிறகேன் இது?

எங்கள் கதையை எழுதத்தான் ஐயா. 2009க்குப் பிறகு வன்னியைப் பற்றி எழுதப்பட்டதைப் பாருங்கள், ஒரு பக்கம் அறிக்கைகள், எண்ணிக்கைகள், பட்டியல்கள், மறுபக்கம் நினைவுக் கவிதைகள். இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. டு போய்ஸ் சமூகவியல்காரர், கணக்கு எடுத்தவர், ஜோர்ஜியாவில் ஒரு மாவட்டத்தின் பருத்திக் காணிகளில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று பார்த்தவர். ஆனால் அதே புத்தகத்துக்குள் வரலாறும், தன் பிள்ளை செத்த துக்கமும், ஒரு சிறுகதையும், அடிமைகள் பாடிய பாட்டுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் பெரும்பாலும் ஐரோப்பியக் கவிஞர் ஒருவரின் வரி, அதன் கீழே சொல் இல்லாமல் ஒரு துக்கப் பாட்டின் இசைக்குறி. எந்தப் பாட்டு என்று சொல்லாமலே கொண்டுபோய்க் கடைசி அத்தியாயத்தில்தான் அந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேசுகிறார். கணக்கையும் ஒப்பாரியையும் ஒரே கட்டுக்குள் வைக்கலாம் என்று காட்டிய புத்தகம் அது. எங்களில் யாராவது அப்படி ஒன்று எழுத வேண்டும் என்பது என் பேராசை.

இன்னொன்று, எங்கள் பக்கத்து ஆட்கள் இதை முன்னரே கண்டிருக்கிறார்கள். 1946இல் அம்பேத்கர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகளுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டத்தகாதோரும் அந்த வழியை யோசிக்கிறார்கள் என்று. டு போய்ஸ் பதிலும் போட்டார்.

அப்ப எங்கட பிரச்சினையும் அவையின்ர பிரச்சினையும் ஒண்டு தானே?

ஒன்றில்லை. மனிதனை ஏலம் போட்டு விற்ற முறை, அது 1865இல் ஒழிந்த பிறகும் தனிப் பள்ளிக்கூடம், தனி ரயில் பெட்டி, வாக்குப் பறிப்பு என்று வேறு உடுப்பில் தொடர்ந்தது. 1896இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே பிரித்து வைப்பது சரி என்று தீர்ப்புக் கொடுத்தது. இங்கே பிரச்சினை மொழி, காணி, அரசு, பிறகு யுத்தம். உடம்பின் நிறத்தை வைத்து இல்லை. ஒற்றுமை தெரிகிற இடத்தில் நில்லுங்கள், ஆனால் அவர்களுடைய வரலாற்றை எடுத்து எங்கள் சுவருக்குப் பூச வேண்டாம். "நாங்கள்தான் இலங்கையின்ர கறுப்பர்" என்று கூட்டத்தில் யாராவது சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் கூசும், ஏன் என்பது அடுத்த பதிலில்.

மலையக ஆக்களைப் பற்றி நீங்கள் கதைச்சது கன பேருக்குப் பிடிக்கேல்லை. அதுக்கும் இந்தப் புத்தகங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பிடிக்காமல் போனது தெரியும். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடில்லாமல் ஆக்கப்பட்ட சனங்கள், 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையில் இருந்து வன்னிக்கு வந்தார்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் காடு வெட்டினார்கள், எங்கள் வயலில் கூலிக்கு நின்றார்கள், யுத்தத்தில் எங்களோடு சேர்ந்தே ஓடினார்கள், செத்தார்கள். அவர்களில் பலருக்கு இன்றைக்கும் குடியிருக்கிற காணிக்கு உறுதி இல்லை. அவர்களைக் குறிக்க இங்கே புழங்கிய இழிசொல் எல்லோருக்கும் தெரியும், நான் எழுதப்போவதில்லை.

டு போய்ஸை வாசிக்கும்போது நாங்கள் எல்லோரும் சுலபமாகத் திரைக்கு உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றுவிடுகிறோம். அது ஆறுதலான இடம். மொரிசன் அப்படி நிற்க விடமாட்டார். எங்கள் கதைகளில் தண்ணி இறைக்கிறவன், மாடு பார்க்கிறவன், வீட்டில் வேலைக்கு நின்ற பெட்டை, இவர்கள் யார், பெயர் உண்டா, பேசுகிறார்களா என்று கேட்க வைப்பார். அங்கே நாங்கள் ஹரி மோர்கனின் இடத்தில் நிற்கிறோம். டு போய்ஸ் முதலில் என்று சொன்னாலும் அதோடு நிறுத்த வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மொரிசன் செய்த மாதிரி எங்கட நாவல்களையும் பார்க்கலாமோ? எப்பிடித் தொடங்கிறது?

பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். உங்களுக்கு மிகவும் பிடித்ததையே எடுங்கள், பிடிக்காததை வைத்துச் செய்தால் அது வெறும் வசைபாடல். வன்னிக்காரர் பலருக்கு அது தண்ணிமுறிப்பை வைத்து பாலமனோகரன் எழுதிய 'நிலக்கிளி'யாக இருக்கும், சரி, அதையே எடுங்கள். ஒரு பென்சிலோடு இருந்து, கதையின் நடுவில் இல்லாத ஒரு ஆள் வருகிற ஒவ்வொரு இடத்தையும் கோடிடுங்கள். வந்தவுடன் என்ன வேலை செய்கிறார், அவர் பேசுவது தனக்காகவா கதாநாயகனுக்காகவா, அவரைக் கதையில் இருந்து தூக்கினால் கதாநாயகனிடம் எந்தக் குணம் காணாமல் போகும். வசனம் கோணுகிற இடம் ஏதாவது அகப்பட்டால் அங்கே நின்று நேரம் எடுங்கள். ஒடுக்கப்பட்ட சாதிச் சனங்களைப் பற்றி டானியல் எழுதிய 'பஞ்சமர்' நாவலைப் பிறகு பக்கத்தில் வைத்தால், மற்றப் பக்கத்தில் இருந்து எழுதினால் வசனம் எப்படி நடக்கும் என்று தெரியும்.

கைலாசபதி, சிவத்தம்பி எல்லாம் வாசிச்சு முடிச்ச ஆக்களுக்கு மொரிசன் என்னத்தைப் புதுசாத் தரப்போறா?

விமர்சகர் கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதியபோது நாவலைச் சமூகத்தோடும் வர்க்கத்தோடும் சேர்த்துப் பார்க்கப் பழக்கினார், அந்தப் பழக்கம் எங்களுக்குப் பெரிய சொத்து. ஆனால் அந்த வழியில் வந்தவர்கள் கதை என்ன சொல்கிறது என்பதில் காட்டின அக்கறையை வசனத்தின் நெளிவில் காட்டினது குறைவு. மொரிசன் ஒரு வசனத்தை விட்டு நகரவே மாட்டார். மேலே சொன்ன மீன் வசனத்தைத் திரும்பப் பாருங்கள்.

எங்கட பிள்ளையளுக்குத் தையலும் மேசன் வேலையும் பழக்கினால் காணும், கம்பஸ் என்னத்துக்கு எண்டுறவைக்கு டு போய்ஸிட்ட பதில் இருக்கோ?

மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். புக்கர் ரி. வொஷிங்டன் என்ற பெரும் தலைவர் அப்போது தொழிற்கல்வி படியுங்கள், காசு சேருங்கள், அரசியல் உரிமையைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம் என்ற வழியில் இருந்தார், 1895 அட்லாண்டா உரைக்குப் பிறகு வெள்ளைக்காரரும் அவரைத் தூக்கி வைத்தார்கள். டு போய்ஸ் அவரை மரியாதையோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் மறுக்கிறார். தொழில் பழகுவது பிழை என்று அவர் சொல்லவில்லை. வாக்குரிமை, சம உரிமை, உயர்கல்வி மூன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுத் தொழிலை மட்டும் வைத்திருந்தால் அந்தத் தொழிலையும் காப்பாற்ற முடியாது என்கிறார். தொழிற்பள்ளிக்கே ஆசிரியர் வேண்டுமே, அவர்களை யார் படிப்பித்து அனுப்பியது என்றும் கேட்கிறார்.

யுத்தம் முடிந்த கையோடு வன்னிக்கு வந்த உதவித் திட்டங்களில் எத்தனை தையல் மெசின், எத்தனை ஆறு மாதப் பயிற்சி என்று உங்களுக்கே தெரியும். அந்த மெசின்களில் எத்தனை இப்போது மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன என்பதும் தெரியும். இந்த அத்தியாயத்தைப் பெற்றோர் கூட்டங்களில் வாசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

டு போய்ஸில பிழையே இல்லையோ? நீங்கள் புகழ்ந்துகொண்டே இருக்கிறியள்.

இருக்கிறது. முதல் பதிப்பில் யூதர்களைச் சுரண்டல்காரராகக் காட்டுகிற இடங்கள் சில உண்டு. ஐம்பது வருடம் கழித்து, 1953 பதிப்பில் அவரே அவற்றை மாற்றினார். இலவசமாகக் கிடைக்கிற பிரதியில் பழைய வாசகம்தான் இருக்கும், கண்டால் திகைக்க வேண்டாம். படித்த ஒரு சிறு கூட்டம்தான் மற்றவர்களைத் தூக்கிவிடும் என்ற நம்பிக்கையும் பல இடத்தில் தட்டுப்படும், எங்களிடமும் டொக்டர், எஞ்சினியர் பக்தியாக அது நிறைய இருப்பதால் உறுத்தாமல் போய்விடக்கூடும். பெண்கள் துன்பப்படுகிறவர்களாக வருகிறார்கள், யோசிக்கிறவர்களாக வருவது குறைவு.

பதினோராம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு வயது நிரம்பாத தன் மகனின் சாவைப் பற்றி எழுதியது அது, அழகான எழுத்து. பிள்ளையை இழந்த தாய்மார் இருக்கிற கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லாத கூட்டம் கிடைப்பது அரிது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஃபனோனை ஏன் எடுக்கேல்லை? அவர்தானே எல்லாத்தையும் நேரடியாச் சொல்லுறவர்?

ஃபனோனின் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' 1952இல் பிரெஞ்சில் வந்தது, மனநல வைத்தியரின் புத்தகம், நல்ல புத்தகம். ஆனால் அதில் பாதி ஐரோப்பிய மெய்யியலோடு சண்டை. இரட்டை உணர்வு பிடிபட்ட பிறகு எடுத்தால் சுகமாகப் போகும், மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் எங்க எடுக்கிறது? எங்கட கடையளில இல்லை.

டு போய்ஸ் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்த நூல், குட்டன்பேர்க் தளத்தில் இலவசம், போனிலேயே வாசிக்கலாம், கோப்பும் சின்னது, டேட்டா பெரிதாகப் போகாது. மொரிசன் அப்படி இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பிரதி எடுப்பித்து, கொழும்பில் இருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்வதுதான் இங்கே நடக்கிற வழி.

எனக்கு வேலை, வீடு, பிள்ளையள். மாசத்தில ஐம்பது பக்கத்துக்கு மேல ஏலாது. என்ன செய்யலாம்?

அப்போது தேர்ந்தெடுக்கவே வேண்டாம், இரண்டிலும் கொஞ்சம் எடுங்கள். முதல் மாதம் டு போய்ஸில் நாலாவதும் முதலாவதும், நேரம் மிஞ்சினால் பதின்மூன்றாவது. அடுத்த மாதம் மொரிசனின் முன்னுரையும் ஹெமிங்வே வருகிற மூன்றாம் அத்தியாயமும். நடுவில் இருக்கிறதை விட்டால் ஒன்றும் குடி முழுகாது. வாசித்துக்கொண்டு போகும்போது ஒரே ஒரு வசனத்தையாவது கொப்பியில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு வாருங்கள், நாங்கள் கதைக்கத் தொடங்குவது அதில் இருந்துதான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம், பின் வாங்கில் கீறுவதற்குத் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம்.